டிரம்முக்குள்ளே என்ன நடக்கிறது?



"பிரேக் என்றால் என்ன?" என்று வைவாவில் கேட்டால் நம்மில் பத்துக்கு ஒன்பது பேர், "வண்டியை நிறுத்தும் சாதனம், சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குக் காத்திருப்போம். பதில் தப்பில்லை. ஆனால் அது பாதிப் பதில்தான். ஓடுகிற வண்டியிடம் உள்ள இயக்க ஆற்றல் எங்கும் காணாமல் போய்விட முடியாது. அதை வெப்பமாக மாற்றி, அந்த வெப்பத்தைக் காற்றில் விடுகிற சாதனம்தான் பிரேக்.

இதில் முன் சக்கரத்து டிஸ்க் பிரேக் திறந்த புத்தகம். சக்கரத்தைக் கழற்றினாலே பேட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். திருச்சி ஜங்ஷன் பிளாட்ஃபாரத்தில் நின்று பார்த்தால், சரக்கு ரயிலின் பிரேக் பிளாக் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருப்பது தெரியும். ஆனால் நம் சின்ன கார்களின் பின் சக்கரத்து டிரம் பிரேக் மூடிய பெட்டி. உள்ளே ஷூ இருக்கிறதா, தேய்ந்து இரும்பு உரசுகிறதா, வீல் சிலிண்டர் ஒழுகுகிறதா, ஒன்றும் வெளியே தெரியாது. தெரியாததால்தான் அதை யாரும் திறப்பதில்லை. திறக்காததால் வரும் ஆபத்தைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

ஏன் இன்னும் டிரம்?

டிரம் பிரேக்குக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. பிரான்ஸின் லூயி ரெனோ 1902-ல் அதற்கான அமைப்பைக் கொண்டுவந்தார். நம் நாட்டு அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் நான்கு சக்கரத்திலும் டிரம்மோடு ஓடியவை. 1983 டிசம்பரில் வந்து, 2014-ல் தயாரிப்பு நின்ற மாருதி 800 நம் தெருக்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்று ஷோரூமில் நிற்கும் ஆல்ட்டோ கே10, வேகன் ஆர், டியாகோ எதை எடுத்தாலும் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம்.

"பழைய சமாச்சாரத்தை ஏன் விடாமல் வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்கலாம். காரணம் இரண்டு. ஒன்று, பிரேக் அடிக்கும்போது வண்டியின் எடை முன்னால் சாய்கிறது. நிறுத்தும் வேலையில் பெரும்பகுதியை, சுமாராக மூன்றில் இரண்டு பங்கை, முன் சக்கரமே செய்துவிடுகிறது. பின்னால் அவ்வளவு பெரிய பிரேக் தேவையில்லை. இரண்டு, ஹேண்ட் பிரேக். டிரம்முக்குள் ஒரு லீவரையும் ஒரு கேபிளையும் சேர்த்தால் அதே ஷூ ஹேண்ட் பிரேக்காகவும் வேலை செய்யும். செலவு குறைவு, பிடிப்பு அதிகம்.

உள்ளே யார் யார்?

டிரம்மைக் கழற்றினால் முதலில் தெரிவது பேக்கிங் பிளேட். அதன் மேல்பக்கம் வீல் சிலிண்டர். அதன் இரண்டு பிஸ்டன்களும் ஆளுக்கு ஒரு ஷூவை வெளியே தள்ளுகின்றன. கீழ்ப்பக்கம் இரண்டு ஷூவின் கால்களும் ஆங்கரில் ஊன்றியிருக்கும். ஷூவை உள்ளே இழுக்க ரிட்டர்ன் ஸ்பிரிங்; பிளேட்டோடு ஒட்டிப் பிடிக்க ஒரு பின்னும் சின்ன ஸ்பிரிங்கும்; இரண்டு ஷூவுக்கும் குறுக்கே அட்ஜஸ்டர்; பின்பக்க ஷூவில் ஹேண்ட் பிரேக் லீவர். அவ்வளவுதான். ஒரு டிபன் பாக்ஸ் அளவு இடத்தில் இவ்வளவு பேரும் குடித்தனம் நடத்துகிறார்கள்!

ஷூவின் மேல் ஒட்டியோ ரிவெட் அடித்தோ இருப்பது லைனிங். தேயவேண்டியது அதுதான். டிரம் வார்ப்பிரும்பு, அது தேயக்கூடாது. லைனிங் தொழில் நம் மாநிலத்துக்குப் புதியதல்ல. சென்னையில் பிரேக்ஸ் இந்தியா 1962-லும், ராணே பிரேக் லைனிங் 1964-லும், சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் 1974-லும் தொடங்கப்பட்டவை. படிப்பு முடித்து வேலை தேடும் நாம் இந்தப் பெயர்களைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

முன் ஷூவும் பின் ஷூவும் சமமில்லை!

இரண்டு ஷூவும் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும், செய்யும் வேலை ஒன்றல்ல. வண்டி முன்னோக்கிப் போகும்போது, முன்பக்க ஷூவின் மேல் டிரம் மேலிருந்து கீழாக உரசிக்கொண்டு போகிறது. அந்த உராய்வு ஷூவை இன்னும் வெளியே இழுத்து டிரம்மோடு அழுத்துகிறது. இதுதான் லீடிங் ஷூ. பின்பக்கத்து ஷூவை அதே உராய்வு டிரம்மிலிருந்து விலக்கப் பார்க்கிறது. அது டிரெய்லிங் ஷூ.

எவ்வளவு வித்தியாசம்? ஆங்கரைச் சுற்றி மொமெண்ட் எடுத்துப் பார்த்துவிடலாம். கணக்கு எளிதாக இருக்க அழுத்தம் முழுவதும் ஷூவின் நடுவில் ஒரே புள்ளியில் விழுவதாக வைத்துக்கொள்வோம். டிரம்மின் விட்டம் 180 மி.மீ., அதாவது ஆரம் 90. ஆங்கர், மையத்திலிருந்து 70 மி.மீ. கீழே. பிஸ்டன் தள்ளும் இடம் ஆங்கரிலிருந்து 140 மி.மீ. மேலே. உராய்வுக் கெழு 0.4.

லீடிங் ஷூவில், டிரம்மை அழுத்தும் விசை = பிஸ்டன் விசை × 140 ÷ (70 – 0.4 × 90). அதாவது 140 ÷ 34 = 4.1 மடங்கு.

டிரெய்லிங் ஷூவில், கழித்தலுக்குப் பதில் கூட்டல். 140 ÷ (70 + 36) = 1.3 மடங்கு.

பிஸ்டன் இரண்டையும் ஒரே பலத்தோடுதான் தள்ளுகிறது. ஆனால் ஒரு ஷூ இன்னொன்றைவிட மூன்று மடங்கு வேலை செய்கிறது! முன்பக்க லைனிங் ஏன் சீக்கிரம் தேய்கிறது என்பதற்கு இதுவே பதில். "ஒண்ணு நல்லா இருக்கே, தேஞ்சதை மட்டும் மாத்தினா போதாதா?" என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில். ஷூவை எப்போதும் செட்டாகத்தான், அதுவும் இடது வலது இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும்.

கொல்லிமலைக் கணக்கு

இப்போது அதே கணக்கில் உராய்வுக் கெழுவை 0.4-லிருந்து 0.2 ஆக்குங்கள். லைனிங் அளவுக்கு மீறிச் சூடானால் கெழு இறங்கும். லீடிங் ஷூ டிரம்மை அழுத்தும் விசை 140 ÷ 52 = 2.7 மடங்குதான். பிரேக் பிடிப்பது அழுத்தமும் கெழுவும் பெருகிய அளவு. முன்பு இரண்டு ஷூவும் சேர்ந்து 2.2 மடங்கு கிடைத்தது. இப்போது கிடைப்பது 0.86. கெழு பாதியானால் டிஸ்க் பிரேக்கில் பிடிப்பு பாதியாகும். டிரம்மில் அது 40 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. தானே தன்னை அழுத்திக்கொள்ளும் குணம் நல்ல நாளில் வரம். சூடான நாளில் அதுவே சாபம். இதைத்தான் புத்தகத்தில் 'ஃபேட்' என்று ஒரு வரியில் படித்துவிட்டுப் போகிறோம்.

திருச்சி சமதளம், இங்கே எதற்கு ஃபேட் என்று நினைக்க வேண்டாம். நாம் எல்லாரும் ஒரு தடவையாவது போய்வர ஆசைப்படும் கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆட்களோடு 800 கிலோ எடையுள்ள கார் 60 கி.மீ. வேகத்திலிருந்து ஒருமுறை நின்றால் உண்டாகும் வெப்பம் சுமார் 111 கிலோஜூல். அதே கார் 1000 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் வெளியேற வேண்டிய ஆற்றல் சுமார் 7,840 கிலோஜூல். வகுத்துப் பாருங்கள்: 60-லிருந்து 70 முறை நிற்பதற்குச் சமம். வளைவுக்கு ஒன்று!

இவ்வளவையும் பிரேக் தலையில் கட்டக்கூடாது. ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான். இரண்டாவது கியரில் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் போட்டுப் பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்பவரோடு மலை இறங்காதீர்கள்.

சூட்டில் இன்னொரு சங்கதி. டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகுகிறது. பெடல் ஆழமாகப் போகும். பிரேக் ஆயிலும் சூடாகும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. ஈரம் ஏறிய ஆயிலுக்கான அளவு 140 டிகிரிதான். கொதித்தால் நீராவிக் குமிழி; குமிழி அமுங்கும்; பெடல் தரையைத் தொடும். ஆகவே இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுவது வீண் செலவல்ல.

பெடலை ஏன் நம்பக்கூடாது?

விடுமுறையில் பாலக்கரைப் பக்கம் ஒரு சின்னப் பட்டறைக்கு நான் வேலை பழகப் போனேன். அங்கே ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு பெரியவர் தம் மாருதி 800-ஐக் கொண்டுவந்தார். ஹாரன் ஒயர் பார்க்கத்தான் வந்தார். பின் டிரம்மைத் திறந்து ரொம்ப நாள் ஆகிறது என்று பேச்சில் தெரிந்தது. "சார், ஒரு தடவை திறந்து பார்த்துடலாமே" என்றேன். "பெடல் கல்லு மாதிரி நிக்கறதுப்பா, அதை எதுக்கு நோண்டணும்?" என்றார். மேஸ்திரி அண்ணன்தான், "பார்க்கறதுக்குக் காசு வேண்டாம் சார்" என்று சொல்லி சம்மதிக்க வைத்தார். திறந்தோம். வலது பக்க முன் ஷூவில் லைனிங் ஒரு ஓரத்தில் இரும்புவரை தேய்ந்து, டிரம்மில் கோடு விழ ஆரம்பித்திருந்தது. அதே பக்கத்து வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை விலக்கினால் உள்ளே ஈரம். பெரியவர் ஒன்றும் பேசவில்லை. பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விடுகிற வண்டியாம் அது.

பெடல் எப்படி நன்றாக நின்றது? அட்ஜஸ்டர் தன் வேலையை ஒழுங்காகச் செய்ததால்தான். லைனிங் தேயத் தேய அது ஒவ்வொரு பல்லாக நகர்ந்து ஷூவை டிரம்முக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறது. அதனால் கடைசி மில்லிமீட்டர் வரை பெடலும் மாறாது, ஹேண்ட் பிரேக்கும் மாறாது. நண்பர்களே, இதை மட்டும் மறக்காதீர்கள். பெடல் இறங்கினால் கோளாறு உண்டு என்று அர்த்தம். பெடல் நன்றாக இருந்தால் கோளாறு இல்லை என்று அர்த்தமல்ல! ஹேண்ட் பிரேக் லீவர் வழக்கத்தைவிட நாலைந்து கிளிக் அதிகமாக ஏறினால், அட்ஜஸ்டர் இறுகிவிட்டதா, கேபிள் நீண்டுவிட்டதா என்று பார்க்க வேண்டும். டிரம்மைச் சரிசெய்யாமல் கேபிளை மட்டும் முறுக்கி விடுவது நோயை விட்டுவிட்டுக் காய்ச்சலுக்கு மாத்திரை போடுவது மாதிரி.

நம்ம ஊர் தொல்லைகள்

ஸ்ரீரங்கம், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள தீவு. ஈரத்துக்கும் மணலுக்கும் பஞ்சமில்லை. சித்திரை வீதி, உத்தர வீதிகளில் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் எடுக்கிற கார்கள் நிறைய. மழைக்காலத்தில் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு இரண்டு வாரம் நிறுத்தினால், டிரம் துருப்பிடித்து ஷூ அதோடு ஒட்டிக்கொள்ளும். வண்டி நகராது, இல்லையென்றால் "டொக்" என்று ஒரு சத்தத்தோடு விடும். அந்தச் சத்தத்தில் லைனிங்கே ஷூவை விட்டுப் பெயர்ந்துவிட்டிருக்கலாம். நீண்ட நாள் நிறுத்தும்போது சமதளத்தில் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை விட்டுவிடுவதே நல்லது.

மழைத் தண்ணீர் தேங்கிய இடத்தில் இறங்கி ஏறினால் டிரம்முக்குள் தண்ணீர் போய்விடும். டிஸ்க் சீக்கிரம் உதறிவிடும். டிரம் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். தண்ணீரை விட்டு வெளியே வந்ததும் பின்னால் வண்டி இல்லாத இடத்தில், மெதுவாகப் போய்க்கொண்டே பெடலை லேசாக அழுத்திச் சூடேற்றிக் காயவைக்க வேண்டும். காயாமல் காவிரிப் பாலத்து நெரிசலில் போய்ச் சேர்ந்தால், முன்னால் நிற்கும் பஸ்ஸின் பின்புறம்தான் நமக்குப் பிரேக்.

திறந்து பார்க்கும் முறை

மேனுவல் சொல்லும் கிலோமீட்டரிலோ, வருஷத்துக்கு ஒரு தடவையோ, எது முன்னால் வருகிறதோ அப்போது திறந்துவிட வேண்டும் என்பது என் கட்சி. பல வண்டிகளில் பேக்கிங் பிளேட்டில் ரப்பர் அடைப்பு போட்ட ஒரு துளை இருக்கும். டார்ச் அடித்தால் லைனிங் ஓரம் தெரியும். ஆனால் அது எட்டிப்பார்ப்பதுதான். திறந்து பார்ப்பதற்கு ஈடாகாது.

1. சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். சக்கர நட்டை வண்டி தரையில் இருக்கும்போதே தளர்த்தி, பிறகு ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை பார்க்காதீர்கள்.

2. சில வண்டிகளில் டிரம்மும் ஹப்பும் ஒன்று. நடு நட்டைக் கழற்ற வேண்டும். திரும்பப் போடும்போது மேனுவல் சொல்லும் டார்க், தேவைப்பட்டால் புது நட்டு. மற்றவற்றில் டிரம்மில் மரையிட்ட இரண்டு துளைகள் இருக்கும். போல்ட்டை இரண்டிலும் மாறி மாறி முறுக்கினால் டிரம் தானே வெளியே வரும். வராவிட்டால் அட்ஜஸ்டரைப் பின்வாங்குங்கள். சுத்தியலால் ஓரத்தில் அடிக்காதீர்கள், வார்ப்பிரும்பு உடையும்.

3. ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் பிரியுங்கள். ஸ்பிரிங் எந்தத் துளையில் இருந்தது என்ற சந்தேகம் கட்டாயம் வரும். அடுத்த பக்கம் போய்ப் பார்க்கலாம். செல்போனில் ஒரு படமும் எடுத்துவையுங்கள்.

4. டிரம் வெளியே இருக்கும்போது யாரும் பெடலை மிதிக்கக்கூடாது. பிஸ்டன் வெளியே தெறித்துவிடும்.

5. லைனிங்கின் மெலிந்த இடத்தை அளவெடுங்கள். மேனுவல் அளவே சட்டம். அது கையில் இல்லையென்றால், ஷூ இரும்புக்கு மேல் ஒன்றரை மி.மீ.க்குக் கீழே போனதை மறுபடி போடாதீர்கள். ரிவெட் வைத்த லைனிங்கில் ரிவெட் தலைக்கு மேல் எவ்வளவு இருக்கிறது என்பதே கணக்கு.

6. டிரம்மை உள் அளவில், இரண்டு மூன்று திசையில் அளந்தால் கோணலும் தெரியும். லேத்தில் லேசாகச் சீவலாம். ஆனால் அதிகபட்ச விட்டத்தைத் தாண்டினால் டிரம் பழைய இரும்புக் கடைக்குத்தான். பல டிரம்களில் அந்த அளவு வார்ப்பிலேயே இருக்கும்.

7. வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை விரலால் விலக்கிப் பாருங்கள். ஈரம் இருந்தால் கப் மாற்ற வேண்டும், அல்லது சிலிண்டரையே மாற்ற வேண்டும். ஆயில் குடித்த லைனிங்கைக் கழுவிக் காயவைத்துப் போடாதீர்கள். சூட்டில் அது திரும்பக் கக்கும். ரப்பர் பாகத்தில் டீசல், மண்ணெண்ணெய், கிரீஸ் படக்கூடாது, ஊறி உப்பிவிடும். புது பிரேக் ஆயில் மட்டுமே தடவலாம்.

8. ஷூ உரசும் பேக்கிங் பிளேட் மேடுகளில் மட்டும், சூடு தாங்கும் கிரீஸைத் தீக்குச்சித் தலை அளவு வையுங்கள். லைனிங்கைக் கையால் தொடவேண்டாம்.

9. டிரம்மைப் போட்டு, பெடலைப் பல தடவை அழுத்தி ஷூவை உட்காரவையுங்கள். சிலிண்டரைத் திறந்திருந்தால் ஏர் எடுக்க வேண்டும். காலியான தெருவில் நடைவேகத்தில் சோதித்த பிறகே ரோட்டுக்கு. புது லைனிங் உட்கார, முதல் இருநூறு முந்நூறு கிலோமீட்டர் திடீர் பிரேக் இல்லாமல் ஓட்டுங்கள்.

தூசியை ஊதாதீர்கள்!

இதைத் தனியாக எழுதக் காரணம் உண்டு. டிரம்மைக் கழற்றியதும் உள்ளே கறுப்பாக மாவு மாதிரித் தூசி இருக்கும். நம் பட்டறைகளில் அதை வாயால் ஊதுவதும், ஏர் ஹோஸ் வைத்து அடிப்பதும் வழக்கம். அந்தப் புகைக்குள் நிற்பது பெரும்பாலும் பதினெட்டு வயசுகூட நிரம்பாத கைப்பையன்.

பழைய லைனிங்குகளில் அஸ்பெஸ்டாஸ் நார் சேர்ப்பது உலகமெங்கும் வழக்கமாக இருந்தது. சூடு தாங்கும், விலை குறைவு. ஆனால் எல்லா வகை அஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் உறுதியாகச் சொல்கிறது. பிரிட்டன் 1999-ல் எஞ்சியிருந்த வெள்ளை அஸ்பெஸ்டாஸையும் தடை செய்தது. நம் நாட்டில் அஸ்பெஸ்டாஸுக்கு முழுத் தடை இல்லை. அஸ்பெஸ்டாஸ் இல்லாத லைனிங் இப்போது தாராளமாகக் கிடைக்கிறது. ஆனால் கையில் உள்ள பழைய ஷூவையோ பெயரில்லாத மலிவு ஷூவையோ கண்ணால் பார்த்து எதில் செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இன்று மூச்சில் போன நார், நோயாக வெளியே தெரிய இருபது முப்பது வருஷம் ஆகலாம். அதுவரை "எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். கர்சீப் கட்டினாலும் அந்த நார் நிற்காது.

செய்யவேண்டியது செலவில்லாத காரியம். சோப்புத் தண்ணீரைத் தெளித்து நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். லைனிங்கை உப்புத்தாள் போடுவதானாலும் நனைத்துவிட்டே போடுங்கள். அந்தச் சட்டையோடு வீட்டுக்குப் போய்த் தம்பி தங்கையைத் தூக்காதீர்கள். அந்தப் பாலக்கரைப் பட்டறையில் மேஸ்திரி அண்ணனிடம் இதைச் சொன்னபோது, "முப்பது வருஷமா ஊதிக்கிட்டு இருக்கேன் தம்பி" என்று சிரித்தார். மறுநாள் பையனிடம் ஒரு வாளியில் தண்ணீரும் ஒரு பழைய பிரஷும் கொடுத்திருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

நண்பர்களே! நாளை நம்மில் சிலர் சர்வீஸ் சென்டரில் சூப்பர்வைசர் ஆவோம். சிலர் சொந்தமாகப் பட்டறை வைப்போம். சிலர் லைனிங் கம்பெனியில் தரம் பார்ப்போம். எங்கே போனாலும் "பெடல் நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லும் வாடிக்கையாளர் வருவார். அவரிடம் வாதாட வேண்டாம். டிரம்மைத் திறந்து காட்டுங்கள். அதற்கு அரைமணி நேரம்தான் ஆகும். திறக்கும் முன் அந்தத் தூசியை மட்டும் நனைத்துவிடுங்கள்.